"இந்த மாத்திரை எனக்குக் கேக்குமா டாக்டர்?" – 70 வருஷமாகப் பதில் தேடும் ஒரு கேள்வியின் வரலாறு

1/

இது கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. வீட்ல யாராவது மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தா கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க.

2/
மரக்காணம் உப்பளங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாத்தியில் நிற்கும் தண்ணீர் எப்போது உப்பாகும் என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. தண்ணீரில் மிதக்க விட்டால் "டிகிரி" காட்டும். கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு இறங்க ஆரம்பிக்கும். ஜோசியம் தேவையில்லை. மீட்டர் சொல்லிவிடும்.

3/
மனச்சோர்வு நோய்க்கு, அதாவது டிப்ரஷனுக்கு, முதல் மாத்திரை எழுதும் மருத்துவரின் கையில் அப்படி ஒரு மீட்டர் கிடையாது.
கூனிமேட்டிலிருந்து பஸ் ஏறி மருத்துவமனைக்கு வரும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். மூணு மாசமா தூக்கம் சரியில்லை. விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு. சாப்பாடு இறங்கலை. உப்பு வாரப் போக உடம்பும் வரலை, மனசும் வரலை. மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி:
"இந்த மாத்திரை எனக்குக் கேக்குமா டாக்டர்?"

4/
நியாயமான கேள்விங்க. சுகர் மாத்திரை கேட்குதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். பிரஷர் மாத்திரை கேட்குதா என்று கையில் பட்டை கட்டிப் பார்த்துவிடலாம். மனசுக்கு?
இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் ஏறத்தாழ 70 வருஷமாகப் பதில் தேடுகிறது. சுவிட்சர்லாந்தில் ஆரம்பித்த தேடல் மதுரை, புதுச்சேரி, கோவா வழியாகவும் வந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

5/
முதல் மருந்தே தற்செயலாகக் கிடைத்ததுதான். அதுவும் டிபி வார்டில்.
1952 வாக்கில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் நம் ஊரில் டிபிக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட்டின் உடன்பிறப்பு அது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். வார்டிலேயே ஆடிப் பாடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. "இது நுரையீரலுக்கு மட்டும் வேலை செய்யலையே, மனசுக்கும் ஏதோ செய்யுதே" என்று மருத்துவர்கள் கவனித்தார்கள். 1957இல் நேதன் கிளைன் என்ற அமெரிக்க மருத்துவர் இதை மனச்சோர்வுக்கான மருந்தாக முன்வைத்தார். கல்லீரலைப் பாதித்ததால் பிற்பாடு அது கைவிடப்பட்டது.

6/
அதே காலகட்டம். சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஏரிக்கரை ஊர். அங்கிருந்த மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், ஒரு மருந்து நிறுவனம் பரிசோதனைக்காக அனுப்பிய மருந்தை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்குப் பலனில்லை. 1956 தொடக்கத்தில் அதையே மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில வாரங்களில் ஆட்கள் மாறினார்கள். அதுதான் இமிப்ரமின். இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.
1957 செப்டம்பரில் சூரிச் உலக மாநாட்டில் இதைப் பற்றி அவர் பேசியபோது கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு டஜன் பேர் இருந்தால் அதிகம்.

7/
கூன் செய்த இன்னொரு வேலைதான் நம் கதைக்கு முக்கியம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இந்த மருந்து கேட்கவில்லை என்பதை அவர் கவனித்தார். யாருக்கு நன்றாகக் கேட்கிறது என்று குறித்துவைத்தார்.
காலையில் சோர்வு அதிகமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் தேவலாம் என்பவர்கள். அதிகாலையிலேயே முழித்துக்கொள்பவர்கள். நடை, பேச்சு, யோசனை எல்லாமே மெதுவாகிப் போனவர்கள். இவர்களுக்கு நன்றாகக் கேட்டது என்றார்.
ஆக, மருந்து பிறந்த அன்றே கேள்வியும் பிறந்துவிட்டது. "யாருக்குக் கேட்கும்?"

8/
இங்கே ஒரு சிக்கல்.
நம் ஊரில் "கைராசி டாக்டர்" என்று ஒரு வார்த்தை உண்டு. "அவர் தொட்டாலே பாதி சரியாயிடும்" என்பார்கள். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. இதற்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது.
1965இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 250 மனச்சோர்வு நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்து ஆய்வு செய்தது. ஒரு குழுவுக்குக் கரண்ட் வைத்தியம் என்று மக்கள் சொல்லும் ஈசிடி. ஒரு குழுவுக்கு இமிப்ரமின். ஒரு குழுவுக்கு ஃபீனெல்சின் என்ற வேறு மருந்து. கடைசிக் குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை.

9/
நான்கு வாரம் கழித்து நன்றாகத் தேறியவர்கள் எத்தனை பேர்?
ஈசிடி குழுவில் 71 சதவீதம்.
இமிப்ரமின் குழுவில் 52 சதவீதம்.
ஃபீனெல்சின் குழுவில் 30 சதவீதம்.
வெறும் மாத்திரைக் குழுவில்? 39 சதவீதம்!
ஆம். மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் பத்தில் நான்கு பேர் ஒரு மாதத்தில் தேறினார்கள். ஃபீனெல்சின் குழுவை விட அதிகம்.

10/
"அப்போ மருந்தெல்லாம் ஏமாத்து வேலையா?" என்று குதிக்க வேண்டாம். 39க்கும் 52க்கும் 71க்கும் வித்தியாசம் இருக்கிறதே!
அந்த 39 சதவீதம் பேர் எப்படித் தேறினார்கள்? சிலருக்கு நோய் தானே வடியும் காலம். சிலருக்கு, தன்னை ஒருவர் உட்கார வைத்துப் பேச்சைக் கேட்டதே மருந்து. சிலருக்கு "இனி சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை. நம் பாட்டிமார்கள் கைராசி என்று சொன்னது இந்தக் கலவையைத்தான்.
இதனால் ஆராய்ச்சியாளருக்கு வந்த தலைவலி வேறு. ஒருவர் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார். மருந்து அவருக்குக் கேட்டதா, இல்லை மருந்து இல்லாமலே தேறியிருப்பாரா? அந்த ஒருவரை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. "இவருக்குக் கேட்கும்" என்று முன்கூட்டிச் சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்க முதல் காரணம் இது.

11/
சரி, இப்போ மதுரைக்கு வருவோம்.
மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஏ. வெங்கோபா ராவ். இந்தியாவில் மனச்சோர்வு பற்றிய ஆராய்ச்சி என்றால் முதல் வரிசையில் வரும் பெயர். அவரும் நம்மாழ்வார் என்ற மனநல மருத்துவரும் (இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா வேறு, இவர் வேறு) சேர்ந்து 1977இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மதுரையில் சிகிச்சை பெற்ற 122 மனச்சோர்வு நோயாளிகளை 3 முதல் 13 வருஷம் வரை பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அது.

12/
கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. செல்போன் இல்லை. கம்ப்யூட்டர் இல்லை. வீட்டு விலாசமும் நோயாளியின் குடும்பமும் தபாலும்தான். அந்தக் காலத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு, "தேறிப் போனவர் பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்?" என்று தேடிப் போயிருக்கிறார்கள்.
எந்த இயந்திரமும் இல்லாமல் அவர்கள் செய்த வேலையின் அடிப்படை இதுதான்: ஒருவருக்கு நோய் எப்படிப் போகும் என்று தெரிய வேண்டுமானால் அவரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை மனசில் வெச்சுக்கங்க. கடைசியில் திரும்பவும் இங்கேதான் வரப் போகிறோம்.

13/
1981. "மீட்டர் கிடைத்துவிட்டது!" என்று உலகம் நினைத்த வருஷம்.
பெர்னார்ட் கேரல் என்ற மருத்துவரும் அவரது குழுவும் ஒரு ரத்தப் பரிசோதனையை வெளியிட்டார்கள். ராத்திரி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று. மறுநாள் ரத்தத்தில் கார்டிசால் அளவு. சாதாரண ஆளுக்கு அந்த மாத்திரை கார்டிசாலை அடக்கிவிடும். கடுமையான மனச்சோர்வு உள்ள பலருக்கு அடங்குவதில்லை. அடங்கவில்லை என்றால் இது நிஜமான உடல்சார்ந்த மனச்சோர்வு, மருந்து கேட்கும் என்று பலர் நம்பினார்கள். மருத்துவமனைகள் அந்த டெஸ்ட்டை எடுத்துக் குவித்தன.

14/
சில வருஷத்தில் காற்று இறங்கிவிட்டது.
மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் அதே மாதிரி ரிசல்ட் வந்தது. எடை குறைந்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், வேறு நோய் உள்ளவர்கள் என்று பட்டியல் நீண்டது. முக்கியமாக, மருந்து யாருக்குக் கேட்கும் என்று அந்த டெஸ்ட்டால் உருப்படியாகச் சொல்ல முடியவில்லை. 1980கள் முடிவதற்குள் அன்றாட மருத்துவத்திலிருந்து அது கிட்டத்தட்ட விடைபெற்றது.

15/
ஏன் தோற்றது? ஒரு உதாரணம் சொல்றேன்.
"காய்ச்சலுக்கு எந்த மருந்து கேட்கும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீங்க? மலேரியாவா, டைபாய்டா, டெங்குவா என்று தெரியாமல் சொல்ல முடியாது, இல்லையா? காய்ச்சல் என்பது வெளியே தெரியும் அடையாளம். உள்ளே காரணம் நூறு.
டிப்ரஷன் என்ற பெயரும் அப்படித்தான். பிள்ளை பெற்ற பிறகு வருவது, தைராய்டு குறைந்ததால் வருவது, குடியோடு சேர்ந்து வருவது, பரம்பரையாக வருவது, கடனும் அடியும் உதையும் சேர்ந்து கொண்டுவருவது, எல்லாவற்றுக்கும் நாம் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம். ஒரே டெஸ்ட் எல்லாவற்றையும் எப்படிப் பிடிக்கும்?

16/
அடுத்த பெரிய முயற்சி 2001இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. பெயர் ஸ்டார்-டி. 4,041 நோயாளிகள். முதலில் எல்லாருக்கும் சிடலோபிராம் என்ற ஒரே மாத்திரை. கேட்காதவர்களுக்கு இரண்டாவது வழி. அதுவும் கேட்காவிட்டால் மூன்றாவது, நான்காவது.
முதல் மாத்திரையில் முழுசாகக் குணமானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.
இதைத் திருப்பிப் படிங்க. முதல் மாத்திரையிலேயே முழுக் குணம் கிடைக்காதவர்கள் மூன்றில் இருவர். முதல் மாத்திரை சரியாகக் கேட்கவில்லை என்றால் நீங்கள் விதிவிலக்கு இல்லை. பெரும்பான்மையில் ஒருவர்.

17/
நான்கு படியும் ஏறினால் மூன்றில் இருவர் வரை குணமடையலாம் என்று 2006இல் கணக்குச் சொன்னார்கள். 2023இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, முதலில் வகுத்த விதிகளின்படி கணக்குப் போட்டபோது அது 35 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. முதல் கணக்கில் நடுவில் நின்றுபோனவர்களும் தொடர்ந்திருந்தால் தேறியிருப்பார்கள் என்ற அனுமானம் இருந்தது. நிஜத்தில் ஒவ்வொரு படியிலும் நிறையப் பேர் நின்றுபோனார்கள்.

18/
ஸ்டார்-டி ஆய்வில் யாருக்கு முதல் மாத்திரை நன்றாகக் கேட்டது தெரியுமா?
வேலையில் இருப்பவர்களுக்கு. படித்தவர்களுக்கு. வருமானம் கூடுதலாக இருப்பவர்களுக்கு.
யாருக்குக் குறைவாகக் கேட்டது? ரொம்ப நாளாக நோயோடு இருந்தவர்கள். கூடவே பதற்ற நோயோ போதைப் பழக்கமோ இருந்தவர்கள். வேறு உடல் நோய்கள் இருந்தவர்கள்.

19/
ரத்தத்தில் தேடினார்கள், மூளையில் தேடினார்கள். கடைசியில் பளிச்சென்று தெரிந்தது ஒருவரின் கூலியும் படிப்பும் உடல்நிலையும்.
கூனிமேட்டு அக்காவுக்கு இது என்ன சொல்கிறது? ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை கிடையாது. வீட்டுக்காரர் குடிக்கிறார். வட்டிக்கு வாங்கிய பணம் நிற்கிறது. வருஷக்கணக்கில் ரத்தசோகை. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மாத்திரை தனியாக எவ்வளவுதான் இழுக்கும்? மாத்திரையோடு ரத்தசோகைக்கும் மருந்து, குடிக்கும் சிகிச்சை, வர வேண்டிய உதவித்தொகைக்கு வழி, எல்லாம் சேர்ந்தால்தான் வண்டி நகரும்.

20/
அடுத்து மரபணு. இந்த அத்தியாயம் கூனிமேட்டுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி ஜிப்மர்.
நாம் சாப்பிடும் மாத்திரைகளைக் கல்லீரலில் உள்ள நொதிகள் உடைத்து வெளியேற்றுகின்றன. அதில் ஒன்றின் பெயர் சிஒய்பி2சி19. சிடலோபிராம், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை உடைப்பதில் இதற்குப் பெரிய பங்கு. சிலருக்கு இந்த நொதிக்கான மரபணு மந்தமாக இருக்கும். மருந்து உடம்பில் தேங்கும்.

21/
ஜிப்மர் மருந்தியல் துறையில் சி. ஆதித்தன் தலைமையிலான குழு தமிழர்களிடம் இந்த மரபணுவை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டது. வேலை செய்யாத முக்கியமான ஒரு மரபணு வடிவம் தமிழர்களிடம் சுமார் 38 சதவீதம்! ஐரோப்பியர்களிடம் அது 15 சதவீத அளவில்தான்.
நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. கணக்குப் போட்டால் நம்மில் ஆறேழு பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதியுமே மந்தம். ஐரோப்பியர்களில் அப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர்.
இப்படிப்பட்டவர்களுக்கு சிடலோபிராம் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்கிறது. அதாவது, வெள்ளைக்காரர்களை வைத்து முடிவு செய்த டோஸ் நம்மில் சிலருக்கு அதிகம். "கம்மி டோஸ்ல ஆரம்பிக்கிறேன்" என்று உங்கள் மருத்துவர் சொன்னால் அதில் அர்த்தம் இருக்கிறது.

22/
ஆனால் கவனம். இந்த மரபணு சொல்வது, மருந்து உடம்பில் எவ்வளவு தேங்கும், பக்கவிளைவு வருமா என்பதை. மனசு தேறுமா என்பதை அது சொல்லாது.
2022இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 1,944 பேரிடம் ஒரு ஆய்வு. பாதிப் பேருக்கு மரபணு டெஸ்ட் பார்த்து மருந்து. மீதிப் பேருக்கு வழக்கம்போல. டெஸ்ட் பார்த்த குழுவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எழுதுவது நன்றாகக் குறைந்தது. குணமடைவதில் நடுவில் ஒரு சின்ன லாபம் தெரிந்தது. 24 வாரம் முடிந்தபோது அதுவும் நிலைக்கவில்லை.
ஆகவே, "எச்சிலைக் கொடுங்க, உங்க டிப்ரஷனுக்குச் சரியான மாத்திரை எதுன்னு சொல்லிடறோம்" என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்களை நம்பிக் கடன் வாங்காதீங்க. அந்தப் பணத்தில் பல மாதத்துக்கு மாத்திரையும் பஸ் செலவும் சத்தான சாப்பாடும் பார்க்கலாம்.

23/
"சரி டாக்டர், இப்போதான் ஏஐ வந்துடுச்சே?"
வந்தது. 2016இல் ஒரு குழு ஸ்டார்-டி நோயாளிகளின் தகவல்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. 25 தகவல்களை வைத்து யாருக்கு சிடலோபிராம் கேட்கும் என்று அது கணித்தது. சுமார் 65 சதவீதம் சரி. வேறு ஒரு ஆய்வின் நோயாளிகளிடம் போட்டுப் பார்த்தால் 60 சதவீத அளவுக்கு வந்தது. பூவா தலையா போட்டாலே 50 வரும். அதை விட மேல். ஆனால் ஒருவரின் சிகிச்சையை அதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது.

24/
2024இல் அதே ஆய்வாளர் இன்னொரு கட்டுரையில் உண்மையை உடைத்துச் சொன்னார். மனச்சிதைவு நோய்க்கான ஆய்வுகளில், ஒரு ஆய்வின் நோயாளிகளை வைத்துக் கற்ற கணினி அதே ஆய்வுக்குள் நன்றாகக் கணிக்கிறது. வேறு ஆய்வின் நோயாளிகளிடம் போனால் பூவா தலையா நிலைக்கு விழுந்துவிடுகிறது.
ஒரு உப்பளத்தின் மண்ணைப் பார்த்துக் கற்றவர் இன்னொரு ஊர் உப்பளத்தில் தடுமாறுவது மாதிரி. அமெரிக்க நோயாளிகளைப் பார்த்துக் கற்ற கணினி கூனிமேட்டு அக்காவைக் கணிக்கும் என்று எப்படி நம்புவது? நம் ஜனங்களின் தரவு நம் ஊரிலிருந்துதான் வர வேண்டும்.

25/
அந்த வேலை கோவாவில் நடந்தது. விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. கோவா மருத்துவமனைகளுக்கு வந்த 450 பேர். ஃப்ளுவாக்செட்டின் மாத்திரை, வெறும் மாத்திரை, பேச்சு சிகிச்சை என்று மூன்று குழு. இரண்டு மாதத்தில் ஃப்ளுவாக்செட்டின் வெறும் மாத்திரையை விட நன்றாக வேலை செய்தது. அன்று கொடுத்த பேச்சு சிகிச்சையோ வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை.
அத்தோடு விடவில்லை. பேச்சு சிகிச்சையை நம் மக்களுக்கு ஏற்ற மாதிரி புதிதாக வடிவமைத்தார்கள்.

26/
2017இல் அதன் முடிவு வந்தது. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள். கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர். சிகிச்சை கொடுத்தவர்கள் மருத்துவர்கள் கிடையாது. பயிற்சி பெற்ற உள்ளூர் சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள். "நீங்க விட்டுட்ட வேலைகள்ல ஒண்ணை இந்த வாரம் மறுபடி ஆரம்பிக்கலாமா? கோயிலுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ ஒரு நடை போயிட்டு வரலாமா?" என்ற மாதிரிப் படிப்படியான உதவி.
மூன்று மாதத்தில் குணமானவர்கள் 64 சதவீதம். இந்தச் சிகிச்சை கிடைக்காத குழுவில் 39 சதவீதம்.

27/
இப்போது நம் பழைய கேள்வி புது உருவில் வருகிறது. மாத்திரையும் கேட்கிறது, பேச்சும் கேட்கிறது. யாருக்கு எது?
இதற்காகவே மத்தியப் பிரதேசத்தின் போபால் பகுதி சுகாதார நிலையங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. ஃப்ளுவாக்செட்டினையும் கோவாவில் பலன் கொடுத்த அந்தப் பேச்சு சிகிச்சையையும் நேருக்கு நேர் வைத்து, "இப்படிப்பட்டவருக்கு மாத்திரை, அப்படிப்பட்டவருக்குப் பேச்சு" என்று ஒரு விதி உருவாக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வு. கூனிமேட்டு அக்கா மாதிரி மனிதர்களை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதே பெரிய மாற்றம்.

28/
"அதுவரைக்கும் என்ன செய்யறது டாக்டர்?"
மருந்து ஆரம்பிக்கும் முன்பு கணிக்கும் மீட்டர் இல்லை. ஆனால் ஆரம்பித்த பிறகு கணிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. செலவே இல்லாதது.
2009இல், 41 ஆய்வுகளில் இருந்த 6,500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது நோயின் கடுமை குறைகிறதா என்று பாருங்கள். குறையவே இல்லை என்றால், அதே மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் பெரும்பாலும் பெரிய பலன் இருக்காது. அப்போது டோஸ் கூட்டலாமா, மாற்றலாமா, பேச்சு சிகிச்சை சேர்க்கலாமா என்று மருத்துவர் யோசிப்பார். குறைந்திருந்தால் நல்ல அறிகுறி. பொறுமையாகத் தொடரலாம்.

29/
அளப்பது எப்படி? பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். தமிழிலும் இருக்கிறது. தூக்கம், பசி, ஆர்வம், சாக வேண்டும் என்ற எண்ணம் என்று கேட்கும். மொத்தம் 27 மார்க். மார்க் குறையக் குறைய நல்லது. முதல் நாள் 20, இரண்டு வாரம் கழித்து 15 என்றால் உப்பு இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.
ஆனால் இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. இரண்டாவது தடவை வர வேண்டும்! வெங்கோபா ராவ் மதுரையில் செய்ததும் இதுதானே. திரும்பத் திரும்பப் பார்ப்பது.

30/
நடப்பது என்ன தெரியுமா? முதல் வாரம் குமட்டல், தலைவலி, லேசான படபடப்பு வரும். பலன் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் "நமக்கு ஒத்துக்கலை" என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டாவது தடவை வருவதே இல்லை.
மனச்சோர்வுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது தானே ஒரு ஜோசியம் சொல்லும். "உனக்கு எதுவும் கேக்காது. உனக்கு விடிவே கிடையாது" என்று ராத்திரி பகலா காதில் ஓதும். அது நோயின் குரல். மருத்துவ ஆதாரம் கிடையாது. 70 வருஷம் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிகளாலேயே உங்களுக்கு எது கேட்கும் கேட்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. நோய்க்கு மட்டும் எப்படித் தெரியும்?

31/
ஆகவே சொந்தங்களே,

முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள்: "நான் மறுபடி எப்போ வரணும்?" இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை கண்டிப்பாகப் பாருங்கள்.

முன்பு எப்போதாவது காரணமில்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள், கண்டபடி செலவு இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது இருதுருவ நோயாக இருக்கலாம். சிகிச்சையே வேறு.

அண்ணன் தம்பிக்கோ அம்மாவுக்கோ முன்பு எந்த மாத்திரை கேட்டது என்று தெரிந்தால் சொல்லுங்கள். மருத்துவருக்கு உதவும்.

தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள்.

தேறியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லும் காலம் வரை சாப்பிட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

32/
வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "மாத்திரை சாப்பிட்டும் இப்படியே உக்காந்திருக்கியே" என்று சொல்லாதீங்க. இரண்டாவது தடவை மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க. ஒரு நாள் கூலி போகும்தான். ஆனால் அந்த ஒரு நாள்தான் இந்த நோய்க்கு இன்று நம்மிடம் இருக்கும் மீட்டர்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். முதல் சில வாரங்களில், குறிப்பாக இளவயதினரை, வீட்டார் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

33/
"இந்த மாத்திரை எனக்குக் கேக்குமா டாக்டர்?" என்று கேட்பவருக்கு இன்றைய மருத்துவம் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் இதுதான்:
"கேக்க வாய்ப்பு இருக்கும்மா. கேக்குதா இல்லையான்னு ரெண்டு வாரத்துல தெரிய ஆரம்பிக்கும். கேக்கலைன்னா வேற வழி இருக்கு. நீங்க வரணும். அவ்வளவுதான்."

தேவைப்படும் ஒருவருக்கு இந்த இழையை அனுப்புங்கள். முதல் சீட்டோடு நின்றுபோன ஒருவர் இரண்டாவது தடவை வந்தால் அதுவே போதும்.


உங்கள் பொது நல மருத்துவர்